ஊரை விட்டு நகராத கிண்ணங்கள்

வியட்நாமுக்குச் சாப்பாட்டுக்காகவே பயணம் போகிறவர்களில் பெரும்பாலோர் மனத்தில் ஒரே ஒரு கிண்ணம்தான் இருக்கிறது. மாட்டெலும்பை இரவெல்லாம் கொதிக்கவைத்துத் தெளிய எடுத்த சாறு, அதில் தட்டையான வெள்ளை அரிசி நூடுல்ஸ், மேலே மெல்லிய இறைச்சித் துண்டுகள், வெங்காயத்தாள்: ஃபோ. பாரிஸ், சிட்னி, கலிஃபோர்னியா, சிங்கப்பூர் என்று எந்தப் பெருநகரத்துக்குப் போனாலும் இன்று அது கிடைக்கிறது. சென்னையிலும் பெங்களூரிலும்கூடக் கிடைக்கிறது. அது பிறந்த மண்ணிலேயே அதைச் சாப்பிட வேண்டும் என்ற ஆசை நியாயமானதே. ஆனால் அந்த ஆசையோடு மட்டும் போகிறவர், பயணமே தேவைப்படாத ஓர் உணவுக்காகப் பயணச்சீட்டு வாங்குகிறார் என்பேன். ஃபோ உலகப் புகழ் பெற்றது அது ஊர்விட்டு ஊர் எளிதாகப் போகக்கூடியது என்பதால். அந்த நாட்டின் நூடுல்ஸ் வகைகளில் அதுவே சிறந்தது என்று அதற்குப் பொருள் கொள்ள வேண்டியதில்லை. ஊரைவிட்டு நகர முடியாத கிண்ணங்கள் அங்கே பல இருக்கின்றன. ஒரு கிணற்றை, வயல் நண்டை, புளித்த மீனை, வெள்ளக் காலத்தில் மட்டும் பூக்கும் ஒரு பூவை நம்பி நிற்பவை அவை. பசியோடு போகிற பயணி தன் நாட்களைத் திட்டமிட வேண்டியது அவற்றைச் சுற்றித்தான்.

ஃபோ எப்படி நகர்ந்தது என்று பார்த்தாலே இது விளங்கிவிடும். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஹனோயிலும், அதற்குத் தெற்கே சிவப்பாற்றுச் சமவெளியில் இருக்கும் நாம் தின்னிலும் அது உருவானது. அதுவரை அங்கே மாடு உழவுக்கு உரிய விலங்கு. ஆட்சிக்கு வந்த பிரெஞ்சுக்காரர்கள் மாட்டிறைச்சி கேட்டபோது, கசாப்புக் கடைகளில் எலும்பு மிஞ்சியது. அந்த எலும்பும், சீனத் தெரு வியாபாரிகளின் மாட்டிறைச்சி நூடுல்ஸும், உள்ளூர் எருமைக்கறிச் சாறும் கலந்ததில் ஃபோ பிறந்தது என்பதே பலரும் சொல்லும் விளக்கம். நாம் தின் பக்கத்து வான் கூ என்ற சிற்றூர்க்காரர்கள் அடுப்பையும் பானையையும் தோளில் காவிக்கொண்டு ஹனோய்த் தெருக்களுக்குப் போய் இதையே குலத்தொழில்போல ஆக்கிக்கொண்டார்கள். 1954-இல் நாடு இரண்டாகப் பிரிந்தபோது வடக்கிலிருந்து எட்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர் தெற்கே போனார்கள். அதன் பின்தான் சைகோனில் ஃபோ பெருகியது. அங்கே கல்கண்டு, முளைகட்டிய பயறு, துளசி இனத்து இலைகள், இனிப்பான கறுப்புச் சோயாக் குழம்பு எல்லாம் சேர்ந்தன. 1975-க்குப் பின் அகதிகளோடு அது கடல் கடந்தது. இத்தனை இடப்பெயர்வையும் அது தாங்கியதற்குக் காரணம் அதன் சரக்கு. பட்டை, அன்னாசிப்பூ, கறுப்பு ஏலக்காய் ஆகியவை உலர்ந்த பொருட்கள். எலும்பும் இஞ்சியும் வெங்காயமும் எங்கும் கிடைப்பவை. தட்டை நூடுல்ஸைக் காயவைத்துப் பொட்டலம் கட்டிக் கப்பலில் ஏற்றலாம். இறைச்சியே இல்லாமலும் அது பிழைத்திருக்கிறது. 1960-களின் போர்க்காலத்தில் அரசுக் கடைகள் கறியில்லாத ஃபோவை விற்றன. அப்போது தலைக்கு மேலே பறந்துகொண்டிருந்த அமெரிக்க ஆளில்லா வேவு விமானங்களை வைத்து ஹனோய்க்காரர்கள் அதற்கு 'விமானி இல்லாத ஃபோ' என்று பெயர் வைத்தார்கள். இவ்வளவையும் இழந்து இவ்வளவு தூரம் போகக்கூடிய உணவு மேலானதுதான். ஆனால் ஓர் ஊரைப் பற்றி அது சொல்லக்கூடியது குறைவு.

எந்த ஊரில் எதைச் சாப்பிடுவது என்பதற்குப் பயண வழிகாட்டிகள் ஒரு வரைபடம் தருகின்றன. வடக்கு மென்சுவை, நடுநாடு காரம், தெற்கு இனிப்பு. மூன்று பகுதி, மூன்று சுவை, அதோடு முடிந்தது. இதில் உண்மை இல்லாமல் இல்லை. ஹனோய்க்காரர் தம் கிண்ணத்தில் சர்க்கரைச் சுவை தட்டினால் முகம் சுளிப்பார். மேக்கோங் கழிமுகத்தில் தென்னையும் கரும்பும் சமையலுக்குள் வந்துவிடுகின்றன. ஆனால் எதை எங்கே சாப்பிடுவது என்று முடிவு செய்ய இந்த வரைபடம் உதவாது. நடுநாட்டையே எடுத்துக்கொள்வோம். ஹுவேயும் ஹோய் ஆனும் ஒரே பகுதியைச் சேர்ந்தவை; இடையே சுமார் 130 கிலோமீட்டரும் ஹாய் வான் கணவாயும் இருக்கின்றன. ஹுவேயின் கிண்ணத்தில் சிவந்த சாறு விளிம்புவரை நிற்கும். ஹோய் ஆனில் கிண்ணத்தின் அடியில் இரண்டு மூன்று கரண்டிச் சாறு இருந்தால் அதிகம். ஒன்றில் நூடுல்ஸ் உருண்டு வழுவழுப்பாக இருக்கும். மற்றதில் தடித்து, பழுப்பேறி, பல்லுக்கு எதிர்ப்புக் காட்டும். இரண்டையும் 'நடு வியட்நாமின் காரச் சுவை' என்று ஒரே வரியில் அடைப்பது இரண்டையும் சாப்பிடாமல் எழுதுவதற்குச் சமம். மூன்று பகுதிகளை விட்டுவிட்டு இரண்டு கேள்விகளைக் கையில் வைத்துக்கொண்டால் போதும்: இந்த ஊரில் நூடுல்ஸ் யார் கையால், எந்த அரிசியில், எந்த நீரில் ஆகிறது? இந்த ஊர் எதைப் புளிக்கவைக்கிறது?

முதல் கேள்வி ஏன் முக்கியம் என்பதற்கு 'பூன்' என்ற உருண்டையான அரிசி நூடுல்ஸின் செய்முறையே சான்று. அரிசியை ஊறவைத்து, நீரோடு அரைத்து, மாவை நாட்கணக்கில் புளிக்கவிட்டு, நீரை வடித்து, பாதி வேகவைத்துப் பிசைந்து, துளைத்தட்டு வழியாகக் கொதிநீருக்குள் பிழிந்து, உடனே குளிர்ந்த நீரில் அலசி எடுக்கிறார்கள். நம் இடியாப்பத்தோடு ஒப்பிட்டால் வேறுபாடு தெளிவாகும்: பிழிவது ஒன்றே, ஆனால் இடியாப்ப மாவு புளிப்பதில்லை, அது ஆவியில் வேகிறது, வீட்டிலேயே ஆகிறது. பூன் புளித்த மாவு, கொதிநீரில் வேகிறது, ஊர் முழுவதுக்கும் சில வீடுகள் இரவில் செய்து விடியலில் அனுப்புகின்றன. மெல்லிய புளிப்பு வாசனையும், வெட்டாமல் வழுகிப் போகும் மென்மையும் அந்தப் புளிப்பிலிருந்து வருபவை. ஒரே நாளில் அது கெட்டுப் போகும். உலர்த்தி விற்கும் பூனும் உண்டு. ஆனால் உலர்ந்ததும் அந்தப் புளிப்பும் ஈரமும் போய்விடுகின்றன. எனவே நல்ல பூன் கிடைக்கும் எல்லை, செய்த வீட்டிலிருந்து ஒரு காலைப் பொழுதுக்குள் வண்டி போய்ச் சேரும் தூரம்தான். மேலே ஊற்றும் சாறு அந்தத் தூரத்துக்குள் கிடைக்கும் மீனையும் நண்டையும் இலையையும் நம்பி எழுந்தது. இப்படித்தான் சிறு சிறு வட்டங்களாக அந்த நாட்டின் நூடுல்ஸ் வரைபடம் உருவாகியிருக்கிறது.

ஹுவேயில் இந்த வட்டத்தைக் கண்ணால் பார்க்கலாம். நகருக்கு வடமேற்கே போ ஆற்றங்கரையில் பூன் செய்யும் ஊர் ஒன்று இருக்கிறது. அதன் பெயரும் வான் கூ. நாம் தின்னின் வான் கூவுக்கும் இதற்கும் பெயர்தான் ஒன்று. 1802 முதல் 1945 வரை ஙுயென் அரசர்களின் தலைநகராக இருந்த ஹுவேக்கு இந்த ஊர்தான் பூன் தருகிறது. அங்கே காலையில் சாப்பிடும் 'பூன் போ'வை வெளியூர்க்காரர்தான் 'பூன் போ ஹுவே' என்று ஊர்ப் பெயர் சேர்த்துச் சொல்வார். உள்ளூரில் அடைமொழி தேவையில்லை. மாட்டெலும்பும் பன்றிக்காலும் சேர்த்துக் காய்ச்சிய சாற்றில் நசுக்கிய எலுமிச்சைப்புல் கட்டுக்கட்டாக விழுகிறது. ஜாப்ரா விதையில் சிவந்த எண்ணெயும் மிளகாயும் மேலே மிதக்கும். ஆனால் இதை ஹுவேயின் உணவாக்குவது 'மாம் ருவோக்'. சென்னாக்கூனி போன்ற மிகச் சிறு இறாலை உப்பிட்டுப் புளிக்கவைத்த ஊதா நிறக் கூழ் அது. அதை நீரில் கரைத்துத் தெளியவிட்டு, மேல்நீரை மட்டும் சாற்றில் சேர்ப்பார்கள். சரியாகச் சேர்த்தால் கூழின் வாடை தனியே தெரியாது. இறைச்சியின் சுவை மட்டும் ஆழம் பெறும். வெளியூரில் இந்தக் கிண்ணம் சப்பென்று ஆவதற்கு முதல் காரணம், வாடிக்கையாளர் முகம் சுளிப்பாரே என்று அஞ்சிச் சமையற்காரர் இதைக் குறைப்பதுதான். மிளகாயைக் கூட்டி அந்தக் குறையை மறைக்கிறார்கள். ஹுவே என்றால் காரம் என்ற பேச்சுக்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்பது என் ஊகம்.

கணவாயைக் கடந்தால் குவாங் நாம். இந்த மண்ணில் ஒன்றுக்கு இரண்டாக நூடுல்ஸ் உணவுகள் இருக்கின்றன. இரண்டுமே சாறு குறைந்தவை. 'மீ குவாங்' அகன்ற அரிசி நூடுல்ஸ், பல கடைகளில் மஞ்சள் சேர்த்தது. மாவைத் துணிமேல் ஊற்றி ஆவியில் தாள்போல வேகவைத்து, ஒட்டாமல் இருக்கக் கடலையெண்ணெய் தடவி, பட்டையாக வெட்டுகிறார்கள். அதன்மேல் இறாலும் பன்றியும், அல்லது கோழி, அல்லது விரால், அல்லது தவளை. கெட்டியாகக் கொதித்த கொஞ்சம் சாறு. பொடித்த வேர்க்கடலை, சீவிய வாழைப்பூ, கீரைகள், கடித்துக்கொள்ள முழுப் பச்சைமிளகாய். எள் தூவிச் சுட்ட அரிசி அப்பளத்தை உடைத்துப் போட்டுப் புரட்டிச் சாப்பிட வேண்டும். எந்த இறைச்சியும் மேலே வரலாம் என்பதால் இதற்கு இலக்கணமே இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. நூடுல்ஸும் கடலையெண்ணெயும் அப்பளமும் மாறுவதில்லை. மீதி எல்லாம் அன்றைய சந்தையைப் பொறுத்தது. விருந்தாளிக்கும் வேலைக்காரருக்கும் ஒன்றுபோல் பரிமாறப்படும் உணவு இது. இந்த நாட்டு நூடுல்ஸ்களில் எனக்கு ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் இதைத்தான் சொல்வேன்.

இன்னொன்று ஹோய் ஆன் நகருக்குள்ளேயே அடைபட்டுக் கிடக்கும் 'காவ் லாவ்'. அரிசியைச் சாம்பல் தெளிநீரில் ஊறவைத்து அரைத்து, மாவைக் கிளறிக் கெட்டியாக்கி, திரட்டி, வெட்டி, ஒன்றுக்கு மேற்பட்ட தடவை ஆவியில் வேகவைக்கிறார்கள். சாம்பலின் உவர் மாவின் தன்மையை மாற்றி நூடுல்ஸுக்குப் பழுப்பு நிறத்தையும் உறுதியையும் தருகிறது. அந்தச் சாம்பல் கடலுக்குள் இருக்கும் சாம் தீவுகளின் மரத்திலிருந்து வர வேண்டும், நீர் நகரின் பா லே கிணற்றிலிருந்து வர வேண்டும் என்பது வழக்கு. செய்யத் தெரிந்த குடும்பங்கள் விரல்விட்டு எண்ணக் கூடியவை. நகரின் கடைகள் அவர்களிடம்தான் வாங்குகின்றன. சீனப் பாணியில் சோயாவும் ஐந்து மசாலாவும் ஊறிய பன்றித் துண்டுகள், அந்த மாவிலேயே பொரித்த மொறுமொறு சதுரங்கள், பக்கத்துத் த்ரா குவே ஊரின் கீரைகள் மேலே வருகின்றன. 16-ஆம் நூற்றாண்டு முதல் சீன, ஜப்பானிய வணிகர்கள் தங்கிய துறைமுகம் ஹோய் ஆன் என்பதால், இந்தத் தடித்த நூடுல்ஸை ஜப்பானோடு சேர்ப்போரும் சீனாவோடு சேர்ப்போரும் உண்டு. இந்த விவாதத்தில் எனக்கு அக்கறை குறைவு. இன்று அதைச் செய்பவர்கள் ஹோய் ஆன்காரர்கள். அது ஆகும் நீரும் அங்கே இருக்கிறது.

கிணற்றுக் கதை சுற்றுலாவுக்காக மெருகேற்றப்பட்டது, எந்தக் கிணற்று நீரும் எந்த மரச் சாம்பலும் போதும் என்று ஒருவர் மறுக்கலாம். வேதியியலாக அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. வேலை செய்வது உவர்தான், அதற்கு ஊர்ப்பற்று கிடையாது. ஆனாலும் இந்த மறுப்பு என் வாதத்தைத் தொடவில்லை. ஒரு நகரத்துக்கு வேண்டிய நூடுல்ஸ் முழுவதும் சில வீடுகளில் மட்டும் ஆகிறது. அந்தச் சில வீடுகளும் ஒரே நீரையும் ஒரே சாம்பலையும் ஒரே கைப்பக்குவத்தையும் பின்பற்றுகின்றன. பொருளுக்குச் சமமான மாற்று வேறோர் ஊரில் கிடைத்தாலும், அந்த உழைப்பின் ஏற்பாடு அங்கே கிடையாது. நாள் முழுதும் எடுக்கும் இந்த வேலையை ஹனோயில் ஒரு கடைக்காரர் பத்துப் பேருக்காகச் செய்யமாட்டார். தடித்த நூடுல்ஸ் ஏதாவதை வாங்கிப் போட்டு அதே பெயரில் விற்பார். ஊருக்கு வெளியே காவ் லாவ் என்ற பெயரில் கிடைப்பது பெரும்பாலும் அதன் மேல்பூச்சுதான்.

வடக்கில் ஃபோவின் நிழலில் மறைந்து கிடக்கும் செல்வம் வயல் நண்டு. நெல் வயலின் சிறு நண்டுகளை ஓட்டோடு இடித்து, நீரில் கரைத்து வடிகட்டி, மெல்லச் சூடாக்கினால் நண்டின் புரதம் திரண்டு மேலே மிதக்கும். அந்த மிதவையும் தக்காளியும் சேர்ந்தது 'பூன் ரியூ'. அதன் புளிப்புக்கு நல்ல கடைகள் எலுமிச்சையை நாடுவதில்லை. அரிசி மதுவின் மண்டியைப் புளிக்கவைத்த காடி ஊற்றுகின்றன. பக்கத்தில் ஊதா நிற இறால் கூழான 'மாம் தோம்' சிறிது இருக்கும். ஹனோயிலிருந்து கிழக்கே சுமார் நூறு கிலோமீட்டர் போனால் துறைமுக நகரான ஹாய் ஃபோங். அங்கேயும் வயல் நண்டுதான், ஆனால் அது பூனோடு சேர்வதில்லை. செம்பழுப்பு நிறத்தில், அகலமாக, கடித்தால் மெல்ல இழுக்கும் 'பான் டா' என்ற நூடுல்ஸோடு சேர்கிறது. மேலே வள்ளைக்கீரை, வெற்றிலைக்கு உறவான இலையில் சுருட்டிய கறி உருண்டை, பொரித்த மீன். ஒரே சமவெளி, ஒரே நண்டு. நூடுல்ஸ் மாறியதும் உணவே வேறாகிவிடுகிறது. 2016-இல் அமெரிக்க அதிபர் ஒபாமாவும் சமையற்கலைஞர் அந்தோணி போர்டெயினும் ஹனோயில் சாப்பிட்டதால் உலகமறிந்த 'பூன் சா'வைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. கரியில் சுட்ட பன்றியும் இனிப்பும் புளிப்பும் கலந்த மீன் சாறும் குளிர்ந்த பூனும் சேர்ந்த அது பகலுணவு என்பதை மட்டும் நினைவில் வைக்க வேண்டும். சுட்ட புகை தெருவில் எழுவதே பதினொரு மணிக்குத்தான்.

தெற்கே போனால் என் வாதத்துக்கு வலுவான எதிர்ப்பு காத்திருக்கிறது. மேக்கோங் பகுதியின் பேர்பெற்ற நூடுல்ஸான 'ஹூ தியூ' எந்த ஊரிலும் பிறந்ததாகச் சொல்ல முடியாதது. மலேசிய, சிங்கப்பூர்த் தமிழர்களுக்குத் தெரிந்த 'குவே தியாவ்' உணவின் சொந்தக்காரர்களான தியோச்சூ சீனர்களோடு வந்தது. கம்போடியத் தலைநகர் வழியாக வந்த வகைக்கு இன்றும் அந்த நகரின் பெயரே வழங்குகிறது. ஃபோவுக்கே சீன, பிரெஞ்சு உறவு உண்டு. எல்லாமே வந்தேறிகளாக இருக்கும்போது ஊர் என்று எதைப் பிடித்துக்கொள்வது என்று கேட்பது சரியான கேள்வி. இதற்கு என் பதில், ஊர் ஓர் உணவின் பிறப்பிடமாக இருக்க வேண்டிய அவசியமில்லை என்பதே. வந்ததை ஊர் என்ன செய்தது என்று பார்க்க வேண்டும். மீ தோவில் ஹூ தியூ வந்து சேர்ந்தபோது, அந்த வட்டாரத்துக் கோ காட் அரிசியில் அதன் நூடுல்ஸை இழைத்து வெயிலில் உலர்த்தினார்கள். அது கொதிநீரில் மீண்டும் இளகும்போது மெல்லிதாகவும் விறைப்பாகவும் நிற்கிறது. ஆற்றில் சற்று மேலே, தலைமுறைகளாக அரிசிமாவு தயாரிக்கும் சா டெக்கில் அதே பெயர் உணவு அகன்ற, வெண்மையான, மென்மையான நூடுல்ஸோடு வருகிறது. சாற்றைத் தனியே வைத்துச் சோயாவில் புரட்டித் தருவதும் அங்கே பிரபலம். வந்தது ஒரே விருந்தாளிதான். இரண்டு ஊர்களும் அவரைத் தத்தம் வீட்டுப் பிள்ளையாக வளர்த்திருக்கின்றன. இடப்பெயர்வு என் வாதத்தை உடைப்பதற்குப் பதிலாக நிறுவுகிறது.

இன்னும் கீழே, கடலை நெருங்கும் சோக் ட்ராங், த்ரா வின் பகுதிகளில் கெமர் மக்கள் கணிசமாக வாழ்கிறார்கள். அவர்களுடைய புளித்த மீன் கூழைக் கரைத்து வடித்து, எலுமிச்சைப்புல்லும் இஞ்சி இனத்துக் கிழங்கொன்றும் போட்டு வாடையைத் தணித்துக் காய்ச்சும் சாறுதான் 'பூன் நுவோக் லெயோ'. பார்வைக்குத் தெளிந்த சாம்பல் நிறச் சாறு; அதன்மேல் விராலும், இறாலும், சீனர் பாணியில் மொறுமொறுவென வாட்டிய பன்றியும் சேர்ந்து வருகின்றன. கெமர், சீனர், வியட்நாமியர் என மூன்று இனத்தார் தலைமுறைகளாக ஒரே சந்தையில் வாங்கி விற்று வாழ்ந்ததன் விளைவு அது. சௌ டோக் நகரம் மீனைப் புளிக்கவைக்கும் தொழிலின் தலைநகரம். அந்தச் சரக்கை நம்பி எழுந்தது கத்திரிக்காயும் கணவாய் மீனும் சேர்ந்த 'பூன் மாம்'. வாடையால் பயந்து இவற்றைத் தவிர்க்கும் பயணிகளிடம் எனக்குச் சொல்ல ஒன்று உண்டு. கருவாட்டுக் குழம்பின் மணத்தில் பசியெடுக்கும் வீடுகளில் வளர்ந்தவருக்கு இதில் அஞ்ச எதுவும் இல்லை. உலக நகரங்களில் இந்தக் கிண்ணங்கள் காணக் கிடைக்காததற்கு அவற்றின் சுவைக்குறை காரணமில்லை. அந்தக் கூழும் அந்தக் கிழங்கும் பச்சை மீனும் ஒன்றாகக் கிடைக்கும் இடம் வேறு இல்லை.

எல்லா ஊர்க்காரரும் சைகோனில் குடியேறியிருக்கும்போது அங்கேயே இருந்து எல்லாவற்றையும் சாப்பிட்டுவிட்டால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. சைகோனில் கிடைப்பவற்றில் பல நன்றாகவே இருக்கின்றன. எவை நன்றாக இருக்கின்றன என்று பார்த்தால் பதில் கிடைக்கும். தான் பின் பகுதியில் பாய் ஹியன் என்ற வட்டாரம், குவாங் நாமிலிருந்து வந்த நெசவாளர்கள் குடியேறிய இடம். அங்குள்ள பா ஹோவா சந்தையில் மீ குவாங் நூடுல்ஸ், காவ் லாவ் நூடுல்ஸ், ஊர் அப்பளம், ஊர்ப் புளித்த மீன் எல்லாம் விற்கின்றன. சொந்த ஊரிலிருந்து சரக்கை வரவழைத்துச் சொந்த ஊர்க்காரருக்கே சமைப்பதால் அங்கே மீ குவாங் நிமிர்ந்து நிற்கிறது. ஊரின் பிடி எவ்வளவு இறுக்கம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. இந்தச் சைகோனிலேயே நமக்கும் ஓர் இழை இருக்கிறது. பிரெஞ்சு ஆட்சியில் புதுச்சேரியிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் அலுவலர்களாகவும் படைவீரர்களாகவும் போனவர்களும், வட்டித்தொழிலுக்குப் போன செட்டியார்களும் அங்கே வாழ்ந்தார்கள். மாரியம்மன், தண்டாயுதபாணி கோயில்கள் இன்றும் நகரின் நடுவே நிற்கின்றன. தேங்காய்ப்பாலும் எலுமிச்சைப்புல்லும் சேர்ந்து இளகிய 'கா ரி' என்ற கோழிக்கறியைத் தென்னாட்டார் ரொட்டியோடும் சாப்பிடுகிறார்கள், பூனோடும் சாப்பிடுகிறார்கள். அதில் இந்தியர் கை இருக்கிறது. பூன்மேல் ஊற்றியது சைகோன்.

ஊர் என்ற சொல்லை அரசின் வரைபடத்தோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. 2025 ஜூலை 1 அன்று வியட்நாம் தன் 63 மாகாணங்களையும் நகரங்களையும் 34 ஆகக் குறைத்தது. குவாங் நாம் டா நாங்கோடு இணைந்தது; நாம் தின் நின் பின்னோடும் சோக் ட்ராங் கான் தோவோடும் சேர்ந்தன. மாகாணம் மறைந்தாலும் மீ குவாங் என்ற பெயர் கடைப் பலகையிலிருந்து இறங்கவில்லை. அதற்கு முந்தைய ஆண்டில், 2024 ஆகஸ்டில், ஹனோய் ஃபோ, நாம் தின் ஃபோ, மீ குவாங் ஆகியவை தேசிய அருவப் பண்பாட்டு மரபாக அறிவிக்கப்பட்டன. தொண்ணூறு கிலோமீட்டர் இடைவெளியில் இருக்கும் இரண்டு ஊர்களின் ஃபோவைத் தனித்தனியே பட்டியலிட்டது எனக்கு மகிழ்ச்சி தருகிறது. மூன்று பகுதிக் கணக்கு போதாது என்பதை அரசே ஒப்புக்கொண்டதாக அதைக் கொள்ளலாம். அதே சமயம் பட்டியல் ஒரு கவலையையும் கிளப்புகிறது. மரபு என்று முத்திரை விழுந்ததும் சரியான செய்முறை என ஒன்றைச் சுவரில் ஒட்டும் ஆசை வரும். மீ குவாங்கில் அன்றைய சந்தைக்கேற்ப மாறும் பகுதிதான் உயிர். அதை நிலைப்படுத்தினால் பெயர் மிஞ்சும், உணவு போய்விடும். காப்பாற்ற வேண்டியது இரவில் மாவு பிழியும் வீடுகளையும், நண்டு வாழும் வயல்களையும்தான். பூச்சிமருந்தில் வயல் நண்டு அழிந்தால் எந்தப் பட்டியலாலும் பூன் ரியூவை மீட்க முடியாது.

தமிழ் வாசகரிடமிருந்து வரும் எதிர்ப்பு வேறு வகை: மாடும் பன்றியும் நிறைந்த இந்தப் பட்டியலில் எனக்கு என்ன இருக்கிறது? மாட்டிறைச்சி வேண்டாதவருக்கு இடம் தாராளம். காவ் லாவ், பூன் சா, ஹூ தியூ பன்றி சார்ந்தவை. மீ குவாங்கைக் கோழியிலோ விராலிலோ கேட்டு வாங்கலாம். டா நாங், குயி ஞோன், ஞா ட்ராங் கடற்கரை முழுதும் மீன் வடையும் மீன் சாறும் சேர்ந்த பூன் கிடைக்கும். ஆனால் மீன் கேட்டாலும் சாற்றில் பன்றியெலும்பு இருக்கலாம்; விலக்கு உள்ளவர் கேட்டுத் தெளிய வேண்டும். பன்றியே கூடாதென்றால் சௌ டோக் பக்கத்துச் சாம் முஸ்லிம் ஊர்கள் கைகொடுக்கும். சைவம் மட்டும் உண்பவர் 'சாய்' என்ற சொல்லைக் கற்றுக்கொண்டால் போதும்; பௌத்த சைவ உணவை அது குறிக்கும், மீன் சாறும் அதில் விலக்கு. அமாவாசையை ஒட்டிய முதல் நாளிலும் பௌர்ணமி நாளிலும் சாதாரண வீடுகளே சைவத்துக்கு மாறும். கடைகளும் அதற்கேற்ப மாறும். விகாரைகள் நிறைந்த ஹுவே இதற்கு மிகச் சிறந்த இடம். அங்கே காளானும் எலுமிச்சைப்புல்லும் கொண்டு ஆக்கும் சைவப் பூன் போவில் பூன் அதே வான் கூ பூன்தான். என் கணக்குப்படி கிண்ணத்தின் பாதி அதிலேயே வந்துவிடுகிறது.

இந்த முறையில் பயணத்தைத் திட்டமிட்டால் ஊருக்கு ஓர் உணவு போதும், ஆனால் அதை அதன் நேரத்தில் சாப்பிட வேண்டும். ஹனோயில் காலை ஃபோ, மதியம் பூன் சா. ரயிலில் ஹாய் ஃபோங் போய் நண்டும் பான் டாவும் சாப்பிட்டுத் திரும்பலாம். ஹனோயிலிருந்து சைகோன் வரை 1,726 கிலோமீட்டர் ஓடும் ரயிலில் ஹுவேயில் ஒருமுறை இறங்கி விடியலில் பூன் போ; கணவாயைக் கடற்கரையோரமாகச் சுற்றி டா நாங்கில் இறங்கிச் சாலை வழியே ஹோய் ஆன், ஏனென்றால் அந்த நகரத்துக்கு ரயில் இல்லை. மலைநாட்டு பிளேக்கூவுக்கு ஏற முடிந்தவர்கள், நூடுல்ஸ் ஒரு கிண்ணத்திலும் சாறு இன்னொன்றிலுமாக வரும் உலர் ஃபோவைத் தவறவிடக் கூடாது. சைகோனுக்குத் தெற்கே ரயில் போகாது. மீ தோ, சா டெக், சோக் ட்ராங், சௌ டோக் எல்லாம் பேருந்துதான். சௌ டோக்கின் விரால் பூன் மஞ்சளில் பொன்னிறமாக இருக்கும். மேக்கோங்கில் வெள்ளம் ஏறும் ஆகஸ்ட் முதல் நவம்பர் வரையான மாதங்களில் அகத்திக்கு உறவான ஒரு மஞ்சள் பூவைப் பச்சையாக அதில் அள்ளிப் போடுவார்கள். முடிந்தால் பயணத்தையே அந்த மாதங்களுக்குத் தள்ளிவைக்கலாம். நடு வியட்நாமில் அக்டோபர், நவம்பரில் புயல்மழை வரும் என்பதால் வடக்கிலிருந்து ஆகஸ்டில் புறப்பட்டு செப்டம்பரில் சௌ டோக் சேர்வது நல்லது. அந்த மாதங்கள் ஒத்துவராதவர்கள் சோக் ட்ராங்குக்குப் போகலாம். அங்கே புளித்த மீன் ஆண்டு முழுதும் உண்டு; காலையில் சீக்கிரம் போனால் போதும்.